கல்யாண கவுன்: துணி உடலை விட்டு விலகும் இடம்

புடவைக்கு வடிவம் வருவது கட்டும்போது. மடித்து வைத்திருக்கும்வரை அது வெறும் நீளத் துணி. கொசுவத்தை எந்த உயரத்தில் செருகுகிறோம், முந்தானையை எவ்வளவு இறக்கி விடுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே புடவை ஒருத்தியை நெடுநெடுவென்று காட்டும், இன்னொருத்தியைப் பூரிப்பாகக் காட்டும். சரியாக அமையவில்லை என்றால் முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்புகூட அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். கவுனில் அந்த வசதி கிடையாது. துணியில் கத்தரி வைத்த அன்றே அதன் வடிவம் முடிவாகிவிடுகிறது.

தேவாலயத் திருமணத்துக்கு வெள்ளை கவுன் அணிய ஆசைப்படும் நம் பெண்கள் தடுமாறுவது இங்கேதான். சின்ன வயதிலிருந்து புடவை, தாவணி, சுடிதார் என்று பழகிய கண்ணுக்கு கவுனைப் படிக்கத் தெரிவதில்லை. செல்போனில் ஒரு படத்தைக் காட்டி “இதே மாதிரி வேண்டும்” என்கிறோம். படத்தில் இருப்பவளுக்கு அது ஏன் அழகாக இருக்கிறது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடைக்குப் போனவுடன் பெயர்கள் வரிசையாக வந்து மிரட்டும்: ஏ-லைன், பால் கவுன், மெர்மெய்ட், ட்ரம்பெட், ஷீத், எம்பயர். பயப்பட வேண்டாம். இத்தனையும் ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள். துணி எந்த இடம்வரை உடம்போடு ஒட்டி வருகிறது, எந்த இடத்தில் விலகத் தொடங்குகிறது? மார்புக்குக் கீழேயே விலகினால் எம்பயர். இடையில் சட்டென்று விரிந்தால் பால் கவுன். இடையிலிருந்து சிறிது சிறிதாக அகன்றால் ஏ-லைன். தொடையின் நடுவில் விலகினால் ட்ரம்பெட், முழங்காலருகே விலகினால் மெர்மெய்ட். கடைசிவரை பெரிதாக விலகாமலே இறங்கினால் ஷீத்.

விலகும் இடத்துக்கு மேலே உள்ள உடம்பு அப்படியே தெரியும். அதற்குக் கீழே உள்ளது துணிக்குள் போய்விடும். பார்ப்பவர் கண் முதலில் நிற்பதும் அந்த இடத்தில்தான். ஆகவே கவுன் தேர்ந்தெடுப்பது என்றால், உங்கள் உடம்பில் கண் எங்கே நின்றால் உங்களுக்குச் சந்தோஷம் என்று தேர்ந்தெடுப்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு அது உடம்பிலேயே ஒடுங்கலான இடமாக இருக்கும். சிலருக்குத் தோளும் கழுத்துமாக இருக்கும்.

இங்கே ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் எல்லாவற்றையும் ‘இடுப்பு’ என்று சொல்லிவிடுகிறோம். தையலில் அது இரண்டு வேறு அளவுகள். விலா எலும்புக்குக் கீழே ஒடுங்கும் இடத்தை இந்தக் கட்டுரையில் இடை என்கிறேன். அதற்குக் கீழே அகலும் இடத்தை இடுப்பு என்கிறேன். இது இலக்கண விவாதம் இல்லை. பல கவுன்கள் கெட்டுப்போவதே இந்தக் குழப்பத்தால்தான். தையற்காரர் “இடுப்பு எங்கே?” என்று கேட்டால், நம் பெண்ணின் கை தானாக உள்பாவாடை நாடா பதிந்த தழும்புக்குப் போகும். வருடக்கணக்கில் பாவாடை கட்டிய இடம் அது. கவுனுக்கு வேண்டிய இடை பெரும்பாலும் அந்தத் தழும்புக்கு மேலே இருக்கும். நாடாக் கட்டும் இடத்தில் கவுனின் இடைத் தையல் விழுந்தால் மேல் உடம்பு நீண்டு, கால் குட்டையாகத் தெரியும். என்ன விலைக்குத் துணி எடுத்திருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இடையைக் கண்டுபிடிப்பது எளிது. நேராக நின்று ஒரு பக்கமாகச் சாயுங்கள். பக்கவாட்டில் தோல் மடியும் இடம்தான் இடை. அங்கே ஒரு நாடாவைத் தளர்வாகக் கட்டி இரண்டு முறை குனிந்து நிமிர்ந்தால், நாடா தானே நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்த நாடாவை அவிழ்க்காமல் அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே இன்னொன்றையும் செய்து பாருங்கள். உடம்போடு தளர்வாக விழும் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, ஒரு துப்பட்டாவைப் பட்டையாக மடித்து மார்புக்குக் கீழே இறுக்கிக் கட்டுங்கள். கண்ணாடியில் பாருங்கள். பிறகு இடைக்கு இறக்குங்கள், பிறகு இடுப்பெலும்புக்கு, கடைசியாக முழங்காலுக்குச் சற்று மேலே. ஒவ்வொரு முறையும் பத்தடி தள்ளி நின்று யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. நான்கு இடத்தில் நான்கு வேறு பெண்ணாகத் தெரிவீர்கள். எந்தப் பெண்ணைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்கிறதோ, அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேரிக்காய் உடம்பு, ஆப்பிள் உடம்பு என்று பழப் பெயர் வைத்துப் பிரிக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கல்யாணத்துக்கு உடை எடுக்க வருகிற பெண்ணை, உன்னிடம் என்ன குறை என்ற கேள்வியோடு தொடங்க வைக்கிறது அது. அதற்குள் இருக்கும் உண்மையான விஷயம் சின்னது: தோளின் அகலமும் இடுப்பின் அகலமும் ஏறத்தாழ ஒன்றா, ஒன்று மற்றதைவிடக் கூடுதலா, நடுவில் இடை எவ்வளவு ஒடுங்குகிறது. இவ்வளவுதான். இதை இஞ்சு டேப்பே சொல்லிவிடும், பழக்கடை தேவையில்லை.

யாருக்கும் பெரிதாக ஏமாற்றம் தராத வடிவம் ஏ-லைன். 1955-இல் பாரிஸில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் டியோர் தன் வசந்தகால உடைத் தொகுப்புக்கு ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தையே பெயராக வைத்தார். மேலே குறுகி, கீழே போகப்போக விரியும் அந்த எழுத்தின் உருவம்தான் உடையின் உருவம். கல்யாண கவுனில் இது இடைவரை அளவாக உட்கார்ந்து, அங்கிருந்து மெதுவாக அகலும். இடுப்பு அகலமான பெண்ணுக்கு இது மிகவும் பொருந்தும். இடையின் ஒடுக்கம் தெரிகிறது, அதற்குக் கீழே துணி இடுப்பைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுகிறது. இடை அவ்வளவாக ஒடுங்காதவர்கள் குறுக்குத் தையலே இல்லாமல், மேலிருந்து கீழ்வரை நெடுக்குத் தையல்களாலேயே வடிவம் கொடுக்கும் வகையைக் கேட்கலாம். பிரின்சஸ் கட் பிளவுஸ் போட்டிருப்பீர்கள்தானே? தோளிலோ கைக்குழியிலோ தொடங்கி மார்பின் மேல் வளைந்து இறங்கும் அந்தத் தையல், நிற்காமல் பாதம்வரை போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கண் குறுக்கே தடைப்படாமல் மேலிருந்து கீழே ஓடும். உயரம் குறைந்த பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பால் கவுன் என்பது கதைப்புத்தக இளவரசிகள் போடும் பெரிய விரிந்த பாவாடை. அதன் விரிவுக்குக் காரணம் ஒரு எளிய கணக்கு. பாவாடையை முழு வட்டமாக வெட்டினால், 28 அங்குல இடையும் 40 அங்குல உயரமும் உள்ள ஒருவருக்குக் கீழ் விளிம்பின் சுற்றளவு சுமார் 7 மீட்டர் வரும். அதே அளவுக்கு அரை வட்டமாக வெட்டினால் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால், கடையில் பார்ப்பது எந்த ரகம் என்று விளிம்பைப் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடலாம். அதற்கும் மேலே சுருக்கம் வைத்து, உள்ளே கேன்கேன் எனும் விறைப்பான வலைத்துணியை அடுக்கினால் இன்னும் எழும்பும்.

குள்ளமான பெண்கள் பால் கவுன் போடக்கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை ஏற்பதில்லை. வெள்ளை கல்யாண உடையை உலகத்துக்கே வழக்கமாக்கிய விக்டோரியா மகாராணி சுமார் ஐந்து அடி உயரமே உள்ளவர். 1840 பிப்ரவரி 10 அன்று தன் திருமணத்துக்கு, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெய்த பட்டு சாட்டினில், ஹோனிட்டன் லேஸ் வைத்து, நன்கு விரிந்த பாவாடையுள்ள உடையைத்தான் அணிந்தார். அந்த உடையில் பார்க்க வேண்டியது முன்பக்கம். இடைத் தையல் நேர்க்கோடாக நிற்காமல் நடுவில் கூராகக் கீழே இறங்குகிறது. அந்தக் கூர் மேல் உடம்பை ஒடுக்கிக் காட்டுகிறது, குறுக்கே வெட்டிய தோற்றத்தையும் தவிர்க்கிறது. உயரம் குறைவாக இருந்து விரிந்த பாவாடைதான் வேண்டும் என்றால், இதையே தையற்காரரிடம் கேளுங்கள். கேன்கேன் அடுக்கை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

விரிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. இடையைச் சிறிதாகக் காட்ட இடையை நெரிக்க வேண்டியதில்லை, அதற்குக் கீழே சற்று அகலப்படுத்தினாலே போதும். 2011-இல் இங்கிலாந்து இளவரசர் வில்லியமை மணந்தபோது கேட் மிடில்டன் அணிந்த கவுனை, அலெக்சாண்டர் மெக்வீன் நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் சாரா பர்ட்டன். அதன் மேல்பகுதி இடையில் ஒடுக்கப்பட்டு, இடுப்பில் உள்ளே திணிப்பு வைத்துத் தைக்கப்பட்டது. உலகமே மெலிந்தவர் என்று சொன்ன பெண்ணுக்கே இடுப்பில் திணிப்பு தேவைப்பட்டது! தன் இடுப்பு அகலம் என்று வருந்தும் பெண்ணிடம் நான் இதைத் தவறாமல் சொல்வேன். அவளுக்கு அது உடம்பிலேயே இருக்கிறது.

மெர்மெய்ட் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஆசைப்பட்டு அவதிப்படுபவர்கள் இதில்தான் அதிகம். என் சித்தி மகளுக்கு நல்ல உயரம், எடுப்பான உடல்வாகு. கடற்கன்னி வால்போல முழங்காலுக்குக் கீழே விரியும் கவுனைத்தான் வேண்டும் என்று தைக்கக் கொடுத்தாள். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வந்து சேர்ந்தது. போட்டுக்கொண்டு நின்றபோது எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அழகு. “உட்காரு பார்க்கலாம்” என்றாள் பெரியம்மா. உட்கார முடியவில்லை. வாசல் படியில் கால் வைக்கச் சொன்னோம். பாதம் ஒரு சாணுக்கு மேல் எழவில்லை. தையற்கடையில் எல்லா அளவையும் நிற்க வைத்தே எடுத்திருந்தார்கள். உட்காரும்போது தொடையும் இடுப்பும் அகலும் என்பதை யாரும் கணக்கில் கொள்ளவில்லை.

எங்கள் தெருவில் தையல் சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்காதான் காப்பாற்றினார். கவுனைத் திருப்பிப் போட்டு, பின்பக்க நடுத்தையலை முழங்காலுக்கு ஒரு சாண் மேலேவரை பிரித்தார். மீதமிருந்த நெட் துணியில் நீளமான முக்கோணம் ஒன்று வெட்டி, அதன் கூர் மேலே வரும்படி அந்தப் பிளவில் வைத்துத் தைத்தார். அதன் மேல் லேஸ் பூக்களைக் கையாலேயே ஒட்டினாற்போல் தைத்தார். நின்றபோது எதுவும் தெரியவில்லை. நடந்தபோது அந்த முக்கோணம் விரிந்து கொடுத்தது. விலகும் இடத்தை ஒரு சாண் உயர்த்தியதில் மெர்மெய்ட் ட்ரம்பெட்டாக மாறிவிட்டது, அவ்வளவுதான். படியேறினாள், முழங்காலிட்டாள், மாலையில் வரவேற்பில் ஆடவும் செய்தாள்.

ஆகவே இந்த வடிவம் வேண்டுமென்றால் இடுப்பளவை நாற்காலியில் உட்கார்ந்தும் கொடுங்கள். உங்கள் தேவாலயத்தில் எத்தனை படி, எத்தனை முறை முழங்காலிட வேண்டும், எந்த வண்டியில் போகிறீர்கள் என்பதையெல்லாம் யோசியுங்கள். இடையும் இடுப்பும் நல்ல வேறுபாட்டோடு இருப்பவர்களுக்கு இதைவிட அழகான வடிவம் இல்லை என்பதும் உண்மைதான்.

எம்பயர் என்ற பெயர் பிரெஞ்சுப் பேரரசிலிருந்து வந்தது. 1804-இல் நெப்போலியன் முடிசூடிய காலத்தில் அவர் மனைவி ஜோசபினும் மற்றப் பெண்களும் மார்புக்குக் கீழேயே கட்டி, அங்கிருந்து நேராக விழும் உடைகளை உடுத்தினார்கள். கால் நீளமாகத் தெரியும், வயிற்றை மறைக்கும், கர்ப்பிணிகளுக்கு இதமாக இருக்கும். மார்பு பெரிதாக இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தையல் மார்புக்குக் கீழே விலா எலும்பில் இறுகப் பதிய வேண்டும். மார்பின் மேலேயே ஏறி உட்கார்ந்தால், துணி அங்கிருந்து கூடாரம்போல் தொங்கி உடம்பு முழுவதையும் பருமனாக்கிவிடும்.

ஷீத் வகையில் பொருத்தமெல்லாம் துணி விழும் விதத்தில் இருக்கிறது. அதில் ஒரு வகை கிராஸ் வெட்டில் தைப்பது. ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுத்து, நூல் ஓடும் திசையில் இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள். அசையாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள், ரப்பர்போல் நீளும். பிளவுஸ் கழுத்துக்குக் கிராஸ் துண்டு வைப்பது இதனால்தான், வளைவோடு வளைந்து கொடுக்கும். ஒரு முழு உடையையே அப்படிச் சாய்வாக வெட்டும் கலையை 1920-களில் பாரிஸில் மடலின் வியோனே என்ற வடிவமைப்பாளர் தேர்ச்சிக்குக் கொண்டுவந்தார். 1996-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகனை மணந்த கரோலின் பெசெட் தன் திருமணத்துக்கு அணிந்த, நார்சிஸோ ரொட்ரீகஸ் வடிவமைத்த எளிய பட்டு கிரேப் உடை அந்த வழியில் வந்ததுதான். லேஸ் இல்லை, கல் இல்லை, துணி உடம்பின் மேல் தண்ணீர்போல் வழிகிறது. அதனால்தான் உள்ளாடையின் ஓரம்கூட அதில் தெரியும். போடுபவருக்கு அதில் தயக்கமே இருக்கக்கூடாது, இருந்தால் நாள் முழுக்கக் கை வயிற்றின் மேலேயே போகும்.

வடிவம் முடிவானபின் துணி அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிற்கும் துணி, விழும் துணி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கனமான சாட்டின், டாஃபெட்டா, ஆர்கன்சா எல்லாம் தாமே நிற்கும், விரிந்த பாவாடைக்கு ஏற்றவை. கிரேப், ஷிஃபான், ஜார்ஜெட் விழும், எம்பயருக்கும் ஷீத்துக்கும் ஏற்றவை. கிரேப்பில் பால் கவுன் தைத்தால் தொய்ந்துபோகும். ஆர்கன்சாவில் ஷீத் தைத்தால் உடம்பை விட்டுத் தள்ளி விறைத்து நிற்கும். டாஃபெட்டா சீக்கிரம் கசங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1981-இல் தன் திருமணத்துக்கு இளவரசி டயானா 25 அடி நீளப் பின்தொங்கலோடு கண்ணாடி ரதத்திலிருந்து இறங்கியபோது, பட்டு டாஃபெட்டா கசங்கியிருந்ததை உலகமே பார்த்தது. ரதத்திலேயே அந்தக் கதி என்றால், உறவுக்காரர் நாலு பேரோடு நெருக்கி உட்காரும் நம் காரில் எப்படி இருக்கும்? மே மாதத்துக் கல்யாணம் என்றால் உள்ளே பாலியஸ்டர் லைனிங் வைக்காமல் மெல்லிய மல் துணி வைக்கச் சொல்லுங்கள். தூத்துக்குடி வெயிலில் நான்கு அடுக்கு கேன்கேனோடு நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தோள்பட்டை இல்லாத கவுன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பலர் கேட்கிறார்கள். மார்பைப் பிடித்து நிற்பதாக நினைத்து அங்கே இறுக்கி, மூச்சு முட்ட வைத்துக்கொள்கிறார்கள். அது நிற்பது இடையில். உள்பக்கம் இடையைச் சுற்றி ஒரு அழுத்தமான நாடாப் பட்டையைத் தைத்து, தனியாக ஹூக் வைத்திருப்பார்கள். பாவாடையின் எடை முழுவதையும் அந்தப் பட்டை தாங்கும். அதிலிருந்து மேலே எழும்பும் மெல்லிய பிளாஸ்டிக் அல்லது எஃகுப் பட்டிகள் துணியை மடியாமல் நிறுத்தும். கவுன் அடிக்கடி கீழே இறங்குகிறது, மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறேன் என்றால், அந்தப் பட்டை தளர்வாக இருக்கிறது அல்லது வைக்கவே இல்லை. வாங்கும்போதே உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். பலிபீடத்தைப் பார்த்து நிற்கும் மணப்பெண்ணின் முதுகைத்தான் வழிபாட்டின் பெரும்பகுதி நேரமும் சபை பார்க்கிறது. கேட் மிடில்டனின் கவுனில் முதுகில் மட்டும் துணி மூடிய சிறு பொத்தான்கள் 58 இருந்தன. மேலிருந்து கீழே போகும் ஒரு பொத்தான் வரிசை முதுகை எவ்வளவு நீளமாகக் காட்டும் என்பதை அதில் காணலாம். பின்னால் புரளும் துணி இருந்தால், வழிபாடு முடிந்ததும் அதைத் தூக்கி மாட்ட உள்பக்கம் கொக்கியும் நூல் வளையமும் வைக்கச் சொல்லுங்கள். மாட்டுவதை உங்கள் தங்கைக்கோ தோழிக்கோ முன்கூட்டியே கற்றுக்கொடுங்கள்.

தைக்கக் கொடுப்பவர்களுக்கு நான் மன்றாடிக் கேட்பது, நல்ல துணியில் கை வைப்பதற்கு முன் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பாருங்கள். துணிச்செலவு சில நூறு ரூபாயோடு போகும். அன்றைக்குக் கல்யாணத்தில் போடப்போகும் அதே உள்ளாடையும் அதே செருப்பும் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு அங்குலக் குதிகால் மாறினால் விளிம்பும் ஒரு அங்குலம் மாறும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தது போதும். நாற்காலியில் உட்காருங்கள், முழங்காலிட்டு எழுந்திருங்கள், இரண்டு கையையும் தூக்கி யாரையாவது கட்டியணையுங்கள், ஒரு படி ஏறி இறங்குங்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கே தையற்காரர் குண்டூசி குத்தட்டும், எங்கே தொய்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடட்டும். அதன்பிறகு வெள்ளைத் துணியை விரிக்கச் சொல்லுங்கள்.